வேதியியல் கேள்வி–பதில்: அமிலமும் காரமும் சேரும்போது உண்மையில் மாறுவது எது?

இந்த இதழில் அமில–கார வினைகளுக்கு நிகர அயனிச் சமன்பாடு (வினையில் உண்மையில் மாறுபவற்றை மட்டும் காட்டும் சமன்பாடு) எழுதுவது பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். சமன்பாடுகளைக் குறியீடுகளில் தராமல் பெயர்களிலேயே தந்திருக்கிறோம். பெயரை வாய்விட்டுச் சொல்லும்போது ‘இது அயனியா, மூலக்கூறா?’ என்ற கேள்வி தானாக எழும். இந்தப் பாடத்துக்கு வேண்டியது அந்தக் கேள்விதான். மின்சுமையும் நிலைமையும் தேவைப்படும் இடங்களில் அடைப்புக்குறிக்குள் உள்ளன. நோட்டில் எழுதும்போது குறியீடுகளாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தால் சோடியம் குளோரைடும் நீரும் கிடைக்கும் என்று எழுதிவிட்டோம். அதையே மறுபடி அயனிகளாகப் பிரித்து, அடித்து எழுதுவது எதற்கு? எழுதும் முறையையும் சொல்லுங்கள்.
– பதினோராம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்

முதலில் எழுதியது கணக்குப் போட உதவும். எந்தப் புட்டியிலிருந்து எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதை அது சரியாகச் சொல்லும். குடுவைக்குள் நடப்பதை மட்டும் சொல்லாது. அதைப் படித்தால் சோடியம் குளோரைடு என்ற புதுப்பொருள் பிறந்ததுபோலத் தோன்றும். அப்படி எதுவும் பிறக்கவில்லை. கலப்பதற்கு முன் ஒரு குடுவையில் சோடியம் அயனியும் இன்னொன்றில் குளோரைடு அயனியும் நீரில் தனியே அலைந்துகொண்டிருந்தன. கலந்த பிறகும் அப்படியேதான் அலைகின்றன. நீரை வற்றவைக்கும்போதுதான் அவை ஒன்றுசேர்ந்து உப்பாகும். கலந்த கணத்தில் உண்மையாகவே மாறியது இவ்வளவுதான்:

ஹைட்ரஜன் அயனி (1+) + ஹைட்ராக்சைடு அயனி (1–) → நீர்

இதை வெறும் எழுத்துச் சடங்கு என்று நினைக்க வேண்டாம், அளந்தே பார்க்கலாம். ஒரு தெர்மோகோல் கப்பில் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி. எடுத்து, அதே வெப்பநிலையில் உள்ள 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மி.லி. ஊற்றினால் வெப்பமானி ஏறத்தாழ 6.5 முதல் 7 டிகிரி வரை ஏறும். அமிலத்தை நைட்ரிக் ஆக்குங்கள், காரத்தைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஆக்குங்கள். இரண்டு பொருளும் மாறிவிட்டன, உப்பும் மாறிவிட்டது. ஏறும் டிகிரி மாறாது. ஒரு மோல் நீர் உருவாகும்போது வெளிவரும் வெப்பம் என்று பாடநூல்கள் தரும் 57.3 கிலோஜூல், எந்த வலிமை மிகு அமிலத்துக்கும் எந்த வலிமை மிகு காரத்துக்கும் பொதுவாக இருப்பதற்குக் காரணம், நான்கு வெவ்வேறு புட்டிகளிலும் நடக்கும் வினை ஒன்றே என்பதுதான்.

எழுதும் முறைக்குச் சுண்ணாம்பு நீரும் நைட்ரிக் அமிலமும் நல்ல எடுத்துக்காட்டு. முதலில் வழக்கமான சமன்பாட்டைச் சமப்படுத்துங்கள்:

கால்சியம் ஹைட்ராக்சைடு + 2 நைட்ரிக் அமிலம் → கால்சியம் நைட்ரேட் + 2 நீர்

அடுத்து ஒவ்வொரு பொருளிடமும் போய், அது இந்தக் குடுவையில் பெரும்பாலும் எந்த வடிவில் இருக்கிறது என்று கேளுங்கள். நீரில் கரைந்து, முழுமையாகப் பிரிந்து நிற்பதை மட்டும் அயனிகளாக உடைக்க வேண்டும். திண்மம், வாயு, நீர், வலிமை குறைந்த அமிலம், வலிமை குறைந்த காரம் ஆகியவற்றை முழுப்பெயரோடு அப்படியே விட வேண்டும். இங்கே நீரைத் தவிர எல்லாம் உடையும்:

கால்சியம் அயனி (2+) + 2 ஹைட்ராக்சைடு அயனி + 2 ஹைட்ரஜன் அயனி + 2 நைட்ரேட் அயனி → கால்சியம் அயனி (2+) + 2 நைட்ரேட் அயனி + 2 நீர்

இருபுறமும் ஒரே வடிவில், ஒரே எண்ணிக்கையில் நிற்பவை பார்வையாளர் அயனிகள். கால்சியமும் நைட்ரேட்டும் அப்படி நிற்கின்றன, அவற்றை அடித்துவிடுங்கள். மீதம் 2 ஹைட்ரஜன் அயனி, 2 ஹைட்ராக்சைடு அயனி, 2 நீர். எல்லாவற்றையும் 2 ஆல் வகுத்தால் மேலே கண்ட அதே வரி வந்துவிடும். கடைசியில் அணுக்களை ஒருமுறையும் மின்சுமைகளை ஒருமுறையும் தனித்தனியாக எண்ணுங்கள். இரண்டாவது எண்ணிக்கையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இடப்புற மொத்த மின்சுமை வலப்புறத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். இரண்டும் சுழியாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இரண்டாம் படியில் அடிக்கடி நேரும் இரண்டு பிழைகளைச் சொல்லிவிடுகிறோம். நைட்ரேட்டை நைட்ரஜன் என்றும் ஆக்சிஜன் என்றும் உடைப்பது ஒன்று: நைட்ரேட், சல்பேட், அசிட்டேட், கார்பனேட் எல்லாம் ஒரே துண்டாக நீந்துபவை. சோடியம் சல்பேட்டில் இரண்டு சோடியம் இருப்பதைப் பார்த்து, 2+ மின்சுமையுள்ள இரட்டைச் சோடியம் ஒன்றை எழுதுவது மற்றொன்று: கரைசலில் இருப்பவை தனித்தனியான இரண்டு சோடியம் அயனிகள்.

கேள்வி: வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தோடு சோடியம் ஹைட்ராக்சைடு வினைபுரிவதற்கு என் மகன் ‘ஹைட்ரஜன் அயனி + ஹைட்ராக்சைடு அயனி → நீர்’ என்று எழுதினான். தவறு என்று மதிப்பெண் போய்விட்டது. வினிகர் நீல லிட்மஸைச் சிவப்பாக்குகிறதே, அப்படியென்றால் அதில் ஹைட்ரஜன் அயனி இருக்கத்தானே செய்கிறது?
– ஒரு தாய், மதுரை

இருக்கிறது, உங்கள் கேள்வி நியாயமானது. எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி (நீரில் எவ்வளவு பிரியும் என்பதைக் காட்டும் எண்) 25 டிகிரியில் 1.8 × 10⁻⁵. இதை வைத்து 0.1 மோலார் கரைசலுக்குக் கணக்கிட்டால், பிரிந்திருப்பது சுமார் 1.3 சதவீதம். ஆயிரம் மூலக்கூறுகளில் பதின்மூன்று மட்டும் ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்திருக்கின்றன. மீதி 987 முழு மூலக்கூறாகவே நிற்கின்றன. லிட்மஸைச் சிவப்பாக்க அந்தப் பதின்மூன்று போதும். ஆனால் நாம் ஊற்றும் ஹைட்ராக்சைடு அயனி அமிலம் முழுவதையும் தீர்த்துவிடுகிறது. அந்த 987 மூலக்கூறுகளைச் சமன்பாட்டில் காட்டாமல் விட்டால், வினைபட்ட பொருளில் பெரும்பகுதியை மறைத்தவர்கள் ஆவோம். எனவே:

அசிட்டிக் அமிலம் + ஹைட்ராக்சைடு அயனி (1–) → அசிட்டேட் அயனி (1–) + நீர்

சோடியம் மட்டுமே பார்வையாளர். அசிட்டேட் பார்வையாளர் அல்ல, ஏனென்றால் அது இடப்புறம் அசிட்டேட்டாக இல்லை. மின்சுமை இடப்புறம் 1–, வலப்புறம் 1–. சுழி வரவில்லையே என்று பயந்து சோடியத்தை மீண்டும் உள்ளே இழுக்க வேண்டாம்.

‘வலிமை குறைந்தது’ என்றதும் வினை பாதியில் நின்றுவிடும் என்று சிலர் இரட்டை அம்பு போடுகிறார்கள். நீரில் பிரிவது குறைவு என்பதற்காக, ஹைட்ராக்சைடோடு வினைபுரிவதும் குறைவாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மேலே எழுதிய வினையின் சமநிலை மாறிலி, அமிலத்தின் பிரிகை மாறிலியை நீரின் அயனிப் பெருக்கமான 1.0 × 10⁻¹⁴ ஆல் வகுத்தால் கிடைக்கும்: 1.8 × 10⁹. வினை முற்றுப்பெறும் என்று தாராளமாக ஒற்றை அம்பு போடலாம். வினிகரைத் தரம்பார்த்து (செறிவு தெரிந்த காரம் எவ்வளவு செலவாகிறது என்று அளந்து) அதில் எத்தனை சதவீதம் அமிலம் என்று சொல்ல முடிவதே இதனால்தான்.

மூலக்கூறு வடிவில் நிற்கும் அமிலத்தை உடைத்து எழுதுவது வெறும் எழுத்துப் பிழை அல்ல என்பதற்கும் வெப்பமே சாட்சி. ஹைட்ரோசயனிக் அமிலம் மிக வலிமை குறைந்தது. அதை நடுநிலையாக்கினால் மோலுக்குச் சுமார் 12 கிலோஜூல்தான் வெளிவரும். மூலக்கூறைப் பிரிக்கவே மீதி ஆற்றல் செலவாகிவிடுகிறது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் நேர்மாறாகச் சுமார் 68 கிலோஜூல் வரும். சிறிய ஃபுளோரைடு அயனியை நீர் மூலக்கூறுகள் இறுகச் சூழ்ந்துகொள்ளும்போது கூடுதல் வெப்பம் பிறக்கிறது. 57.3 வராத இடத்தில் நடக்கும் வினை வேறு. ஆகவே சமன்பாடும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: எவை வலிமை மிகு அமிலங்கள், எவை இல்லை என்பதை நினைவில் வைக்க எளிய வழி உண்டா?
– நீட் பயிற்சி மாணவர், சேலம்

பட்டியல் சிறியது, மனப்பாடமே எளிய வழி. ஹைட்ரோகுளோரிக், ஹைட்ரோபுரோமிக், ஹைட்ரோஅயோடிக், நைட்ரிக், பெர்குளோரிக், பிறகு முதல் ஹைட்ரஜனைப் பொறுத்தவரை சல்பியூரிக். தேர்வில் வரும் வேறு எந்த அமிலத்தையும் வலிமை குறைந்தது என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. காரங்களில் லித்தியம், சோடியம், பொட்டாசியம் குடும்பத்து ஹைட்ராக்சைடுகளும், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் ஹைட்ராக்சைடுகளும்.

இந்தப் பட்டியலைத் தெரிந்தவர்களும் தடுக்கி விழுவது, வலிமையையும் செறிவையும் கரைதிறனையும் ஒன்றாகக் குழப்பும்போதுதான். அடர் அசிட்டிக் அமிலம் செறிவு மிக்கது, வலிமையானது அல்ல. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கண்ணாடியையே அரிக்கும். இருந்தும் நீரில் அது வலிமை குறைந்த அமிலமே, சமன்பாட்டில் மூலக்கூறாகவே எழுத வேண்டும்.

கால்சியம் ஹைட்ராக்சைடு இன்னும் நுட்பமான பொருள். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் அது சுமார் 1.7 கிராம்தான் கரையும்; ஆனால் கரைந்த அளவு முழுவதும் அயனிகளாகப் பிரிந்துவிடும். எனவே தெளிந்த சுண்ணாம்பு நீர் என்று வினாவில் இருந்தால் அயனிகளாக உடையுங்கள்; சுவருக்கு அடிக்கும் கெட்டிச் சுண்ணாம்புக் கலவை என்று இருந்தால் திண்மமாக விடுங்கள். கார்பன் டைஆக்சைடு அமிலத்தன்மை உள்ள ஆக்சைடு. அது இவ்விரண்டோடும் வினைபுரிவதை எழுதிப் பாருங்கள்.

சுண்ணாம்பு நீரில்: கால்சியம் அயனி (2+) + 2 ஹைட்ராக்சைடு அயனி + கார்பன் டைஆக்சைடு → கால்சியம் கார்பனேட் (திண்மம்) + நீர்

சுவரில்: கால்சியம் ஹைட்ராக்சைடு (திண்மம்) + கார்பன் டைஆக்சைடு → கால்சியம் கார்பனேட் (திண்மம்) + நீர்

பொருள் ஒன்றுதான், நிற்கும் வடிவம் வேறு, அதனால் சமன்பாடும் வேறு. வினாவில் ‘தெளிந்த’, ‘கரைசல்’, ‘தொங்கல்’, ‘தூள்’ போன்ற சொற்களை அடிக்கோடிட்டுப் படிக்கும் பழக்கம் இதற்காகவே வேண்டும்.

கேள்வி: ஆய்வகப் புட்டியில் ‘அம்மோனியம் ஹைட்ராக்சைடு’ என்று எழுதியிருக்கிறது. அமிலத்தோடு சேர்ந்தால் நீர் உண்டாகும் என்று எழுதினால் சரியா?
– பள்ளி ஆய்வக உதவியாளர், தஞ்சாவூர்

பெயர் பழைய வழக்கம். அந்தப் புட்டியில் இருப்பது நீரில் கரைந்த அம்மோனியா. அதன் காரப் பிரிகை மாறிலியும் தற்செயலாக 1.8 × 10⁻⁵ தான், அதாவது 0.1 மோலார் கரைசலில் நூற்றுக்கு ஒன்று சொச்சமே அம்மோனியம் அயனியாகவும் ஹைட்ராக்சைடு அயனியாகவும் மாறியிருக்கும். மீதி எல்லாம் அம்மோனியா மூலக்கூறு. ஆகவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு:

அம்மோனியா + ஹைட்ரஜன் அயனி (1+) → அம்மோனியம் அயனி (1+)

வலப்புறம் நீர் இல்லை. நடுநிலையாக்கல் என்றாலே நீர் வந்தாக வேண்டும் என்று பழகிய கைக்கு இது பொறுக்காது. பழக்கத்தில் ஒரு நீரைச் சேர்த்துவிட்டால் ஆக்சிஜன் அணு எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாமல் போகும். 1923இல் பிரான்ஸ்டெட்டும் லௌரியும் தனித்தனியே சொன்னது இங்கேதான் கைகொடுக்கிறது: அமிலம் புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியைத் தருவது, காரம் அதைப் பெற்றுக்கொள்வது. நீர் உருவாக வேண்டும் என்ற நிபந்தனை அதில் கிடையாது.

அசிட்டிக் அமிலமும் அம்மோனியாவும் சேர்ந்தால் இரண்டையும் உடைக்கக் கூடாது:

அசிட்டிக் அமிலம் + அம்மோனியா ⇌ அம்மோனியம் அயனி (1+) + அசிட்டேட் அயனி (1–)

இதன் சமநிலை மாறிலி சுமார் 3.2 × 10⁴. வினை பெரும்பாலும் முன்னோக்கியே போகும் என்றாலும், முந்தைய கேள்வியில் பார்த்த 10⁹ அளவுக்கு இல்லை. இரட்டை அம்பு போடுவது பொருந்தும். முடிவுநிலையில் நிறம் பளிச்சென்று மாறாமல் மெல்ல மெல்ல மாறுவதால், இந்த இணையைத் தரம்பார்த்தலுக்கு யாரும் தேர்ந்தெடுப்பதில்லை.

உப்புப் பகுப்பாய்வில் அம்மோனியத்தைக் கண்டறிய சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்குகிறோமே, அதுவும் அமில–கார வினைதான். அம்மோனியம் அயனி புரோட்டானைத் தருகிறது, ஹைட்ராக்சைடு பெறுகிறது. அம்மோனியாவும் நீரும் கிடைக்கின்றன. இங்கே நீர் உண்டு.

கேள்வி: ஹைட்ரஜன் அயனி என்று எழுதுவதா, ஹைட்ரோனியம் அயனி என்று எழுதுவதா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

இரண்டும் ஏற்கப்படும். தனிப் புரோட்டான் நீரில் தனியாக நிற்காது என்பதால் ஹைட்ரோனியம் உண்மைக்கு நெருக்கமானது. ஹைட்ரோனியம் எழுதினால் நீர்க் கணக்கு மாறும்: ஹைட்ரோனியம் அயனி + ஹைட்ராக்சைடு அயனி → 2 நீர். ஒரே சமன்பாட்டில் இரண்டையும் கலந்து எழுதாதீர்கள்.

கேள்வி: சல்பியூரிக் அமிலமும் பேரியம் ஹைட்ராக்சைடும் சேரும் வினையில் எதையும் அடிக்க முடியவில்லை. எங்கே தவறு செய்கிறேன்?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், திருநெல்வேலி

தவறே இல்லை. பேரியம் சல்பேட் நீரில் கரையாது; அதன் கரைதிறன் பெருக்கம் 1.1 × 10⁻¹⁰ அளவில். ஆகவே நீரும் உருவாகிறது, வெள்ளை வீழ்படிவும் உருவாகிறது. வேடிக்கை பார்க்க ஒருவரும் இல்லை:

பேரியம் அயனி (2+) + 2 ஹைட்ராக்சைடு அயனி + 2 ஹைட்ரஜன் அயனி + சல்பேட் அயனி (2–) → பேரியம் சல்பேட் (திண்மம்) + 2 நீர்

இங்கே 2 ஆல் வகுக்கவும் முடியாது. பேரியமும் சல்பேட்டும் ஒவ்வொன்றுதான் உள்ளன. ‘அமிலம், வலிமை மிகு காரம், ஆகவே நீர் மட்டும்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுபவர்களை இந்த வினாதான் பிடிக்கும்.

பள்ளியில் கடத்துத்திறனைக் காட்டும் சிறு பல்பு அமைப்பு இருந்தால் இந்த வினையைச் செய்து பாருங்கள். பேரியம் ஹைட்ராக்சைடு கரைசலில் பல்பு நன்றாக எரியும். நீர்த்த சல்பியூரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கச் சேர்க்க வெளிச்சம் மங்கும். அமிலமும் காரமும் சரியாக ஈடாகும் சமான புள்ளியில் ஏறக்குறைய அணைந்துவிடும். மேலும் அமிலம் சேர்த்தால் மீண்டும் எரியும். அணையும் அந்தக் கணத்தில் கரைசலில் மின்சாரத்தைச் சுமக்க அயனிகளே இல்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வைத்துச் செய்தால் பல்பு அணையாது, பேரியமும் குளோரைடும் கரைசலிலேயே இருக்கும். பேரியம் சேர்மங்கள் நஞ்சு. கையுறை அணிந்து, ஆசிரியர் முன்னிலையில் செய்ய வேண்டிய சோதனை இது.

சல்பியூரிக் அமிலத்தைப் பற்றி ஒரு திருத்தம். முதல் ஹைட்ரஜன் முழுமையாகப் பிரியும். மிஞ்சும் ஹைட்ரஜன் சல்பேட் அயனிக்குப் பிரிகை மாறிலி சுமார் 1.2 × 10⁻². கறாராக எழுதினால் இடப்புறம் ஒரு ஹைட்ரஜன் அயனியும் ஒரு ஹைட்ரஜன் சல்பேட் அயனியும் வர வேண்டும். பள்ளித் தேர்வுகளில் 2 ஹைட்ரஜன் அயனி, ஒரு சல்பேட் என்று எழுதுவது வழக்கமாக ஏற்கப்படுகிறது. எந்த வழக்கத்தைப் பின்பற்றுவது என்று உங்கள் ஆசிரியரிடம் கேட்டுவிட்டு, ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாஸ்பாரிக் அமிலத்துக்கு ஒரு புத்தகத்தில் ஒரு சமன்பாடும் இன்னொன்றில் வேறொன்றும் இருக்கின்றன. சோடியம் கார்பனேட்டுக்கும் அப்படியே. எது சரி?
– தனிப்பயிற்சி ஆசிரியை, கோயம்புத்தூர்

எவ்வளவு சேர்த்தோம் என்று சொல்லாதவரை எல்லாமே சரியாக இருக்கலாம். அமிலத்தின் பெயரும் காரத்தின் பெயரும் மட்டும் போதாது, மோல் விகிதமும் தெரிய வேண்டும்.

0.1 மோலார் பாஸ்பாரிக் அமிலம் 20 மி.லி. கூம்புக் குடுவையில் இருக்கிறது, பியூரெட்டில் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு என்று வைத்துக்கொள்வோம். முதல் 20 மி.லி. வரை:

பாஸ்பாரிக் அமிலம் + ஹைட்ராக்சைடு அயனி → டைஹைட்ரஜன் பாஸ்பேட் அயனி (1–) + நீர்

மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டி இந்த இடத்தில் நிறம் மாறும். 20 முதல் 40 மி.லி. வரை:

டைஹைட்ரஜன் பாஸ்பேட் அயனி (1–) + ஹைட்ராக்சைடு அயனி → மோனோஹைட்ரஜன் பாஸ்பேட் அயனி (2–) + நீர்

இதன் முடிவைப் பினாப்தலீன் காட்டும். மூன்றாவது ஹைட்ரஜனின் பிரிகை மாறிலி 10⁻¹³ அளவுக்கு இறங்கிவிடுவதால் 60 மி.லி. இல் எந்த நிறங்காட்டியும் தெளிவான மாற்றத்தைத் தராது. பாஸ்பேட் (3–) வரை எழுத வேண்டுமானால், வினாவில் காரம் மிகையாக உள்ளது என்ற சொல் இருக்க வேண்டும். மூன்று படிகளிலும் அமிலம் வலிமை குறைந்தது. எங்கும் தனி ஹைட்ரஜன் அயனியை எழுதக் கூடாது.

கார்பனேட்டில் இதே கதை தலைகீழாக நடக்கும். 0.05 மோலார் சோடியம் கார்பனேட் 20 மி.லி. எடுத்து, 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மெதுவாக, நன்றாகச் சுழற்றிக்கொண்டே சேருங்கள். 10 மி.லி. இல் பினாப்தலீனின் இளஞ்சிவப்பு மறையும்:

கார்பனேட் அயனி (2–) + ஹைட்ரஜன் அயனி → பைகார்பனேட் அயனி (1–)

அதுவரை நுரை பெரிதாக வராது; வாயுவே உருவாகவில்லை என்பதைச் சமன்பாடும் சொல்கிறது. அடுத்த 10 மி.லி. இல்:

பைகார்பனேட் அயனி (1–) + ஹைட்ரஜன் அயனி → கார்பன் டைஆக்சைடு + நீர்

மெத்தில் ஆரஞ்சின் முடிவுநிலை 20 மி.லி. இல். ஆனால் வரிசையை மாற்றி, அமிலத்துக்குள் கார்பனேட்டை ஊற்றினால் முதல் சொட்டிலேயே நுரைக்கும். அங்கே அமிலம் மிகை. இரண்டு படியும் ஒன்றாக நடந்துவிடுகிறது. எதை எதற்குள் ஊற்றுகிறோம் என்பதும் சமன்பாட்டை மாற்றும்.

நடைமுறையில் இது இன்னொரு தொல்லையையும் விளக்குகிறது. சரியாக மூடாமல் வைத்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சும்: 2 ஹைட்ராக்சைடு அயனி + கார்பன் டைஆக்சைடு → கார்பனேட் அயனி (2–) + நீர். இரண்டு ஹைட்ராக்சைடு போய் ஒரு கார்பனேட் வருகிறது. மெத்தில் ஆரஞ்சில் அந்தக் கார்பனேட் இரண்டு ஹைட்ரஜன் அயனியை ஏற்பதால் இழப்பு தெரியாது. பினாப்தலீனில் ஒன்றை மட்டுமே ஏற்பதால் அளவீடு குறைந்து வரும். ஒரே கரைசலுக்கு இரண்டு நிறங்காட்டிகளில் இரண்டு விடை வந்தால் பிப்பெட்டைக் குறை சொல்லும் முன் புட்டியின் மூடியைப் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் நடக்கும் அமில–கார வினைகளுக்கு இந்தச் சமன்பாடு எழுத முடியுமா? வினிகரும் சமையல் சோடாவும், வாட்டர் ஹீட்டரில் படியும் வெள்ளைப் படிவமும் மனத்தில் உள்ளன.
– இல்லத்தரசி, ஈரோடு

முடியும். சமையல் சோடா சோடியம் பைகார்பனேட், கரையும், பிரியும். வினிகர் அமிலம் பெரும்பாலும் பிரியாது:

அசிட்டிக் அமிலம் + பைகார்பனேட் அயனி → அசிட்டேட் அயனி + கார்பன் டைஆக்சைடு + நீர்

5 சதவீத வினிகர் 100 மி.லி. இல் அமிலம் சுமார் 5 கிராம், அதாவது 0.083 மோல். அதற்குச் சமமான சோடா 7 கிராம். வெளிவரும் வாயு ஏறத்தாழ 2 லிட்டர்; மூடிய பாட்டிலில் இந்தக் கலவையை ஒருபோதும் வைக்கக் கூடாது என்பதற்கு இந்த எண்ணே போதும். கலந்து முடித்த நீர் சுத்தம் செய்யவும் உதவாது. இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு வெறும் சோடியம் அசிட்டேட் கரைசலாக நிற்கும்.

ஹீட்டரில் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், திண்மம்:

கால்சியம் கார்பனேட் (திண்மம்) + 2 அசிட்டிக் அமிலம் → கால்சியம் அயனி (2+) + 2 அசிட்டேட் அயனி + கார்பன் டைஆக்சைடு + நீர்

ஒரு கிராம் படிவத்தைக் கரைக்க 5 சதவீத வினிகர் குறைந்தது 24 மி.லி. வேண்டும். படிவம் தடிமனாக இருந்தால் ஒரு மூடி வினிகர் ஏன் பயன்தரவில்லை என்பது இப்போது புரியும். பளிங்குத் தரையும் இதே கால்சியம் கார்பனேட்தான். வினிகரோ கழிவறை ஆசிட்டோ சிந்தினால் பளபளப்பு போவதும் இதே வினையால்தான். கழிவறை ஆசிட் என்றால் அது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் என்பதால், இடப்புறம் 2 ஹைட்ரஜன் அயனி என்று எழுதலாம்.

வயிற்று எரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்திலுள்ள மக்னீசியம் ஹைட்ராக்சைடும் கரையாத திண்மம். மக்னீசியம் ஹைட்ராக்சைடு (திண்மம்) + 2 ஹைட்ரஜன் அயனி → மக்னீசியம் அயனி (2+) + 2 நீர். 400 மி.கி. மருந்து சுமார் 13.7 மில்லிமோல் அமிலத்தைத் தீர்க்கும். இது கரையாமல் இருப்பதே நன்மை. கரைந்து பிரியும் சோடியம் ஹைட்ராக்சைடாக இருந்தால் தொண்டையை வெந்துபோகச் செய்யும்.

கழிவறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அது வெறும் நடுநிலையாக்கல் அல்ல: ஹைப்போகுளோரைட் அயனி + குளோரைடு அயனி + 2 ஹைட்ரஜன் அயனி → குளோரின் வாயு + நீர். மூடிய குளியலறையில் அந்த வாயு உயிரையே பறிக்கும்.

கேள்வி: சோடியம் அசிட்டேட் ஓர் உப்பு. அதோடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் வினை உண்டா?
– பதினோராம் வகுப்பு மாணவர், விழுப்புரம்

உண்டு. அசிட்டேட் அயனி ஒரு வலிமை குறைந்த அமிலத்தின் இணை காரம், அதாவது அந்த அமிலம் புரோட்டானை இழந்தபின் மிஞ்சும் அயனி. புரோட்டானை ஆவலோடு பெற்றுக்கொள்ளும்: அசிட்டேட் அயனி + ஹைட்ரஜன் அயனி → அசிட்டிக் அமிலம். சமநிலை மாறிலி சுமார் 5.6 × 10⁴. அசிட்டேட் உப்பில் அமிலம் விட்டுச் சூடாக்கினால் வினிகர் வாசனை வருவது இதனால்தான். சோடியம் குளோரைடு கரைசலில் நைட்ரிக் அமிலத்தை விட்டால் நான்கு அயனிகளும் அப்படியே நிற்கும்; எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒன்றும் மிஞ்சாவிட்டால், ‘வினை இல்லை’ என்று எழுதுங்கள். அதுவும் முழு மதிப்பெண் பெறும் விடைதான்.

கேள்வி: எங்கள் நூல்களில் ‘மூலம்’, ‘அயன்’, ‘வன்னமிலம்’ என்று வருகிறது. உங்கள் விளக்கம் பொருந்துமா?
– உயர்தர மாணவி, யாழ்ப்பாணம்

முழுமையாகப் பொருந்தும். நீங்கள் மூலம் என்பதை இங்கே காரம் என்கிறோம். அயன் இங்கே அயனி. வன்னமிலம், மென்னமிலம் என்ற உங்கள் சொற்கள் இங்குள்ள ‘வலிமை மிகு’, ‘வலிமை குறைந்த’ என்பவற்றைவிடச் சுருக்கமாகவும் அழகாகவும் இருக்கின்றன. நிகர என்பதைத் தேறிய என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மோனியா புட்டியின் வாய்க்கு அருகே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்த கண்ணாடிக் குச்சியைக் காட்டினால் அடர்ந்த வெண்புகை வருகிறது. இதற்கு நிகர அயனிச் சமன்பாடு என்ன?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, புதுச்சேரி

கிடையாது. இந்த வினை காற்றில் நடக்கிறது. அங்கே அம்மோனியாவும் வாயு மூலக்கூறு, ஹைட்ரஜன் குளோரைடும் வாயு மூலக்கூறு. உடைத்து எழுத அயனிகளே இல்லை. அம்மோனியா (வாயு) + ஹைட்ரஜன் குளோரைடு (வாயு) → அம்மோனியம் குளோரைடு (திண்மம்) என்று மூலக்கூறுகளாகவே எழுதுங்கள். நீங்கள் பார்க்கும் வெண்புகை அந்தத் திண்மத்தின் நுண்துகள்கள். அதே இரண்டு பொருள்களையும் நீரில் கரைத்துக் கலந்தால் புகை வராது. அப்போது எழுத வேண்டியது, மேலே தஞ்சாவூர் வாசகருக்குச் சொன்ன வரி.